வழிகாட்டி நாய்க்கு டிக்கெட் இலவசம், 'சர்டிபிகேட்'டுக்கு அலைச்சல்!

லண்டனில் இருந்து பாரீசுக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் பார்வை இல்லாத ஒருவர் தன் வழிகாட்டி நாயோடு போய் வர வேண்டுமானால், நாய் படாத பாடு பட வேண்டி இருக்கிறது.

முன்பு நிலைமை இதைவிட மோசம். 2000-ம் ஆண்டு வரை, வெளிநாட்டில் இருந்து பிரிட்டனுக்குள் வரும் நாயை ஆறு மாதம் தனியாக அடைத்து வைத்து விடுவார்கள். வெறிநோய் தீவுக்குள் நுழைந்து விடக்கூடாதே என்ற பயம். கண்ணாக இருக்கும் நாயை ஆறு மாதம் பிரிந்து இருக்க முடிகிற காரியமா?

2000 பிப்ரவரி 28-ல் கதவு திறந்தது. மைக்ரோ சிப், வெறிநோய் தடுப்பூசி போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால் வரலாம் போகலாம் என்ற காலம் வந்தது. நாய்க்கும் ஒரு பாஸ்போர்ட்! அது செல்ல வேண்டுமானால் ஊசியைக் காலாகாலத்தில் போட்டு வர வேண்டும்.

செல்லாத பாஸ்போர்ட்

ஐரோப்பிய யூனியனில் இருந்து பிரிட்டன் விலகியது. 2021 ஜனவரி 1-ல் அந்தப் பாஸ்போர்ட் செல்லாது என்று ஆகிவிட்டது. அது முதல் ஒவ்வொரு பயணத்துக்கும் புது சர்டிபிகேட். புறப்படும் முன் பத்து நாளுக்குள், அரசு அங்கீகாரம் பெற்ற கால்நடை டாக்டரிடம் வாங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் காசு.

விமானத்தில் மரியாதைக்குக் குறைவில்லை. 2006-ம் ஆண்டு ஐரோப்பிய சட்டப்படி வழிகாட்டி நாய்க்குக் கட்டணம் கிடையாது. வீட்டு நாய் பிரிட்டனுக்கு விமானத்தில் வந்தால் சரக்கோடுதான் வரவேண்டும். இது எஜமானர் காலடியிலேயே படுத்து வரலாம். எல்லையில்தான் சலுகை இல்லை.

திரும்பும்போது இன்னொரு தலைவலி. பிரிட்டனுக்குள் நுழைய 24 மணி நேரத்துக்கு முன்னும், 120 மணி நேரத்துக்கு உள்ளும் நாடாப்புழு மருந்தை டாக்டர் கையால் கொடுத்து, நேரம் போட்டு எழுதி வாங்க வேண்டும். ஒரு வாரம் பிரான்சுக்குப் போனவர், பழக்கம் இல்லாத ஊரில், கண்ணும் தெரியாமல், நாய் டாக்டரை எங்கே தேடுவார்? மணிக்கணக்கு தவறினால் நாயை அடைத்து வைக்கலாம். செலவு சொந்தக்காரர் தலையில்!

கிருமிக்கு வீட்டு நாய், வழிகாட்டி நாய் என்ற பேதம் தெரியாதுதான். அதிகாரிகள் பக்கம் அந்த நியாயம் உண்டு. ஆனால் 2020 டிசம்பர் 31 இரவு வரை பிரான்சுக்குள் நுழைய அதே சிப், அதே ஊசி, அதே பாஸ்போர்ட் போதுமானதாக இருந்ததே! விடிந்ததும் நாய் மாறிவிடவில்லை. மாறியது அரசியல்.

2025 மே மாதம் லண்டனில் இரு தரப்பும் கூடிப் பேசி, பாஸ்போர்ட்டைத் திரும்பக் கொண்டுவர இசைந்தன.

இந்தியாவில் இருந்து பிரிட்டன் போகிற நாய்க்கோ கெடு இன்னும் நீளம். ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. ரத்தம் எடுத்த நாளில் இருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் டிக்கெட் பற்றிப் பேச்சு.