கம்ப்யூட்டருக்குள் ஒண்டுக் குடித்தனம்!

இடம் போதவில்லை என்றால் வீட்டையே மாற்ற வேண்டுமா?

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்ட முடியுமா?

முடியும்! மேசை மேல் இருப்பது ஒரே பெட்டிதான். அதில் 'விண்டோஸ்' ஓடிக்கொண்டு இருக்கும். அதே திரையில், ஒரு சதுரத்துக்குள் 'லினக்ஸ்' ஓடும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு உடம்பு கிடையாது. எல்லாம் சாப்ட்வேர் செய்கிற வேலை. இதற்கு 'விர்ச்சுவல் மெஷின்' என்று பெயர்.

இது புது வித்தை அல்ல. ஐ.பி.எம். கம்பெனி 1972-லேயே தன் ராட்சதக் கம்ப்யூட்டர்களுக்கு இந்த வசதியைக் கொடுத்தது. 1999-ல் 'விஎம்வேர்' கம்பெனி இதைச் சாதாரணக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தது. 2007-ல் வந்த 'விர்ச்சுவல்பாக்ஸ்' சாப்ட்வேர், வீட்டு உபயோகத்துக்குக் காசு இல்லாமலே கிடைக்கிறது.

கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு வரப்பிரசாதம். எதையாவது நோண்டிப் பார்த்தால்தானே படிப்பு வரும்? அப்பாவின் கணக்கும் அம்மாவின் போட்டோக்களும் இருக்கிற கம்ப்யூட்டரில் நோண்டினால் வீட்டில் சண்டை வரும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரில் நோண்டலாம். கெட்டுப் போனால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். வெளியே ஒன்றும் ஆகாது.

ஏன் திணறுகிறது?

பையன் ஆசையாக விர்ச்சுவல்பாக்சைப் போடுகிறான். லினக்சைத் திறக்கிறான். அவ்வளவுதான்! கம்ப்யூட்டர் மாட்டு வண்டி ஆகிவிடுகிறது. அம்பைக் குறி நகர மாட்டேன் என்கிறது. "அப்பா, புது கம்ப்யூட்டர் வேண்டும்" என்கிறான். கடைக்காரரும் "ஆமாம் சார், இது பழசு" என்கிறார்.

அப்பா பணத்தை எடுக்கும் முன்பு சற்று யோசிக்க வேண்டும். பல வீடுகளில் பழுது கம்ப்யூட்டரில் இல்லை. 'ரேம்' போதவில்லை, அதுதான் சங்கதி!

ரேம் என்பது கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவு. அதை வீட்டின் கூடம் என்று வைத்துக் கொள்ளுங்கள். வேலை எல்லாம் கூடத்தில்தான் நடக்கும். 'டிஸ்க்' என்பது பரண். சாமான்கள் அங்கே தூங்கும். உள்ளே ஓடும் கம்ப்யூட்டர் ஓர் ஒண்டுக் குடித்தனம். அது வந்தவுடன் கூடத்தில் ஒரு பகுதியைத் தடுத்து எடுத்துக் கொள்ளும்.

கூடமே 4 ஜி.பி. அளவுதான் என்றால் என்ன ஆகும்? வீட்டுக்கார விண்டோசுக்கே அதில் பாதிக்கு மேல் வேண்டும். குடித்தனக்காரருக்கு 2 ஜி.பி. கொடுத்தால் வீட்டுக்காரர் நிற்க இடம் இல்லை. சாமான்களைப் பரணில் ஏற்றுவதும் இறக்குவதுமாகவே பொழுது போய்விடுகிறது. பரண் வேலை மெதுவான வேலை. அதனால்தான் திணறல்!

'விண்டோஸ் 11'-ஐக் குடி வைப்பதாக இருந்தால், அது ஒன்றுக்கே குறைந்தது 4 ஜி.பி. வேண்டும். மொத்தம் 8 ஜி.பி. இருந்தால் ஒரு சிறிய லினக்சை வைத்துக் காலம் தள்ளலாம். 16 ஜி.பி. இருந்தால் இருவரும் சண்டை இல்லாமல் வாழலாம். வீட்டுப் படிப்புக்கு அதற்கு மேல் அவசியம் இல்லை. 32 ஜி.பி. வேண்டும் என்று பையன் அடம் பிடித்தால், எதற்கு என்று ஒரு முறை கேட்பது நல்லது!

மூடியைத் திறக்கும் முன்பு

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் 'பெர்பார்மன்ஸ்', பிறகு 'மெமரி'. எவ்வளவு ரேம் இருக்கிறது, எத்தனை 'ஸ்லாட்' இருக்கிறது, எத்தனை நிரம்பி இருக்கிறது என்று அங்கே தெரியும். இரண்டில் ஒன்று காலி என்றால் அதிர்ஷ்டம்! காலி இல்லாவிட்டாலும் சின்னதைக் கழற்றிப் பெரியதைப் போடலாம்.

ரேமில் ஜாதி உண்டு. டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று மூன்று வகை புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழையாது. நுழையாதபடி வெட்டுப் பள்ளத்தை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். மடிக் கம்ப்யூட்டரின் ரேம் குட்டை. மேசைக் கம்ப்யூட்டரின் ரேம் நீளம். பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டு போனால் தப்பு வராது. அந்தக் கம்ப்யூட்டர் அதிகபட்சம் எவ்வளவு ரேம் ஏற்கும் என்பதையும் கம்பெனியின் குறிப்பில் பார்த்துக் கொள்ள வேண்டும். 32 பிட் விண்டோஸ் என்றால், வீட்டில் வாங்குகிற விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் எட்டிப் பார்க்காது. முதலில் 64 பிட்டுக்கு மாற வேண்டும்.

மாட்டுவது பெரிய வேலை அல்ல. மின்சாரத்தைத் துண்டித்து, ஓர் இரும்பைத் தொட்டுவிட்டு (உடம்பில் இருக்கும் மின்சாரம் சில்லைக் கெடுத்துவிடும்), பள்ளம் பார்த்துப் பொருத்தி, கொக்கி 'டக்' என்று விழும் வரை அழுத்த வேண்டும். பயமாக இருந்தால் கடையில் செய்து கொடுப்பார்கள்.

"ரேம் விலைதான் ஏறிவிட்டதே!" என்று கேட்கலாம். உண்மை. செயற்கை அறிவு நிலையங்கள் மெமரி சில்லுகளை மூட்டை மூட்டையாக வாங்குவதால், 2025-ன் கடைசியில் விலை மளமளவென்று ஏறியது. ஆனால், புது கம்ப்யூட்டருக்குள் இருப்பதும் அதே ரேம்தானே? அந்த விலையையும் கொடுத்து, நன்றாக ஓடும் திரைக்கும் பெட்டிக்கும் இன்னொரு முறை ஏன் கொடுக்க வேண்டும்?

பற்ற வைக்கும் கம்பெனிகள்

இங்கேதான் ஓர் அநியாயம் இருக்கிறது. இப்போது பல மடிக் கம்ப்யூட்டர்களில் ரேமைக் கழற்றவே முடியாது. பலகையோடு பற்ற வைத்து விடுகிறார்கள். 'ஆப்பிள்' கம்பெனி 2008-ல் 'மேக்புக் ஏர்' கம்ப்யூட்டரில் இப்படிச் செய்தது. பிறகு பலரும் அந்த வழியில் போனார்கள். மெல்லியதாகச் செய்யலாம், மின்சாரம் மிச்சம் ஆகும், வேகமும் கூடும் என்று கம்பெனிகள் சொல்லும் காரணங்கள் பொய் அல்ல. ஆனால் யாருக்கு லாபம்? 8 ஜி.பி. வாங்கியவர் ஆயுள் முழுவதும் 8 ஜி.பி.தான். பையன் மேல் வகுப்புக்குப் போனால் முழுக் கம்ப்யூட்டரையும் மாற்ற வேண்டும். ரேமில் ஒரு சில்லு பழுதானால் பலகைக்கே செலவு.

சட்டையைப் பிள்ளைக்குத் தைக்கும்போது மடிப்பு வைத்துத் தைப்பது நம் வழக்கம். வளரும் பிள்ளை அல்லவா? படிக்கிற பிள்ளைக்கு விற்கும் கம்ப்யூட்டரிலும் அந்த மடிப்பு இருக்க வேண்டும். பற்ற வைத்த ரேம்தான் என்றால், அதைப் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிடும்படி கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த வேண்டும். இப்போது அது பொடி எழுத்தில் ஒளிந்து கிடக்கிறது. அல்லது எழுதப்படுவதே இல்லை.

அதுவரை கேட்டு வாங்குவது ஒன்றே வழி. "ரேம் ஸ்லாட் தனியாக இருக்கிறதா? எத்தனை ஜி.பி. வரை ஏற்றலாம்?" கடைக்காரர் தலையைச் சொறிந்தால், காட்சிக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் அதே டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லுங்கள். 'பார்ம் பேக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆப் சிப்ஸ்' என்று இருந்தால், அந்த ரேம் பற்ற வைத்தது.