கணினிக் கணக்கை யாரிடம் கற்பது?



பேரேடும் சிட்டையும் இருந்த இடத்தில் இன்று கணினி அமர்ந்திருக்கிறது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்த பின் சிறு மளிகைக் கடைக்காரரும் அதைத் தவிர்ப்பது கடினமாகிவிட்டது. கணினியை வாங்கிய நாம் அதைக் கற்றோமா? பில் போடுகிறோம், மாதம் பிறந்ததும் ஆடிட்டரிடம் கணக்கைக் கொடுத்துவிடுகிறோம். அத்தோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

பேரிகை போன்ற எல்லை ஊருக்கே உரிய ஒரு சிக்கலைப் பார்ப்போம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் நம் கடைகளில் புழங்குகின்றன. முதலாளி துவரம் பருப்பு என்று பதிவார். கடைப் பையன் கந்திபப்பு என்று ஏற்றுவான். மாலூர் பக்கத்திலிருந்து வரும் சரக்கு தொகரிபேளே என்று பதிவாகும். மூட்டை ஒன்றுதான், ஆனால் கணினியில் மூன்று சரக்கு! ஒன்றில் இருப்பு பூஜ்யம் என்று காட்ட, அதை நம்பி மீண்டும் கொள்முதல் செய்கிறோம். முதல் முடங்குகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சில்லறையாக நிறுத்துத் தரும் பருப்புக்கு வரி இல்லை. அதையே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டி விற்றால், 25 கிலோ வரையிலான பொட்டலத்துக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி. இரண்டையும் ஒரே பெயரில் ஏற்றினால் வரிக் கணக்கு கெடும். எதை ஒன்றாக்குவது, எதை இரண்டாக்குவது என்பதை மென்பொருள் விற்க வருபவர் சொல்வதில்லை. பல கடைகளின் கணக்கைப் பார்த்துத் தேர்ந்தவர்தான் சொல்ல முடியும்.

சரக்குக்கு ஓர் எண், பார்ட்டிக்கு ஓர் எண் கொடுத்து, விவரத்தை ஓரிடத்தில் மட்டும் எழுதி, மற்ற இடங்களில் அந்த எண்ணையே குறிப்பது டேட்டாபேஸின் அடிப்படை. ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் வகுத்த முறையிலிருந்து வளர்ந்தது இது. ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, சிட்டையில் பேரேட்டுப் பக்க எண்ணைக் குறித்த நம் பழைய கணக்குப்பிள்ளைகள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஆகவே மிரள வேண்டியதில்லை.

இன்று நம்மில் பலர் பயன்படுத்தும் டேலி பிறந்த கதையும் ஒரு வணிகரின் கதையே. பெங்களூரில் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிபாகமும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத்தை எழுதச் சொன்னார். 1986இல் அது உருவானது. வணிகம் தெரிந்தவரும் கணினி தெரிந்தவரும் சேர்ந்து உட்கார்ந்ததால் வந்த பலன் அது. நாமும் அப்படித்தான் உட்கார வேண்டும்.

தாமதித்தால் நஷ்டம் நமக்கே. 2022 ஜனவரி 1 முதல், நமக்கு விற்றவர் தம் கணக்கில் காட்டி, அது நம் ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலில் வந்தால்தான் உள்ளீட்டு வரி வரவு கிடைக்கும். மாதந்தோறும் 14ஆம் தேதி வாக்கில் வரும் அந்தப் பட்டியலைக் கொள்முதல் பதிவோடு ஒப்பிட எக்செல் தெரிந்தால் போதும். கர்நாடகத்தின் 29இல் தொடங்கும் எண்ணையும் தமிழ்நாட்டின் 33ஐயும் பிரித்து, ஐ.ஜி.எஸ்.டி. சரியா என்றும் பார்த்துவிடலாம். மூன்று மாதமாக அசையாத சரக்கு எது, பாக்கி யாரிடம் என்பதையும் அதிலேயே எடுக்கலாம். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்றனர் முன்னோர். எழுதியும் பாராத கடனுக்கும் அதே கதிதான்.

எனவே நம் சங்கங்களுக்கு ஒரு யோசனை. மாதம் ஒரு ஞாயிறு, அனுபவமுள்ள கணக்காளர் ஒருவரையும், ஓசூர் தொழிற்சாலைகளில் சரக்குக் கணக்கு பார்த்துப் பழகியவர் ஒருவரையும் அழைப்போம். இலவசமாகக் கேட்க வேண்டாம், உரிய சம்பளம் கொடுப்போம். மாதிரிக் கணக்கு வேண்டாம், அவரவர் கடைக் கணக்கையே கொண்டு செல்வோம். முதல் பாடமாக, பாஸ்வேர்டும் கணக்கின் நகலும் முதலாளி கையில் இருக்கட்டும். கணக்கு எழுதுபவர் வேலையை விட்டுப் போன மறுநாள், நம் பாக்கி எவ்வளவு என்று பிறரிடம் கேட்டு நிற்கும் நிலை நம்மில் எவருக்கும் வரக்கூடாது.