ரூட்டு தலைப் பட்டம் சோறு போடுமா?

தாமல் போன்ற ஊர்களிலிருந்து தறிக்காரர், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சென்னைக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். வெளியூர்ப் பையனுக்குப் பட்டணத்தில் யார் துணை? பஸ்ஸிலும் ரயிலிலும் 'ரூட்டு' கோஷ்டி அவனைச் சேர்த்துக்கொள்கிறது. 'ரூட்டு தல' என்றால் அங்கே பெரிய அந்தஸ்து!

அதன் விலை என்ன? 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே நடந்த தாக்குதலில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். கைதானவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள். காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை படித்த கல்லூரி அது! இரு பக்கமும் அழுதது யார்? உழைப்பாளி வீட்டுத் தாய்மார்களே.

படிப்பு முடிந்தபின் இந்தப் பட்டத்தை எந்த ஆலையும் மதிப்பதில்லை. சர்க்கார் வேலைக்குப் போனால் போலீஸ் விசாரணை வருகிறது. பழைய வழக்கு குறுக்கே நிற்கிறது. தகப்பன் கடன் வாங்கிக் கட்டிய பணம் வீண்!

பையன்களைத் திட்டினால் மட்டும் போதாது என்கிறோம். துணை தேடுவது குற்றமல்ல. விடுதி வசதிக்கும் உதவித்தொகைக்கும் எல்லாக் கல்லூரி மாணவரும் ஒன்றுகூடிப் போராடும் சங்கமே நல்ல துணை. கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தலை முறையாக நடத்த வேண்டும்.

தோழர்களே! ஆலையில் ஊர் பார்த்தா சங்கம் சேர்ந்தோம்? இதை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.