154, 134, 120: பிள்ளைகளிடம் அடுத்த கேள்வியையும் கேளுங்கள்



உங்களில் பலருடைய பிள்ளைகள் இப்போது பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரத்திலும் நீட் பயிற்சிக்குப் போகிறவர்களும் உண்டு. வேதியியலில் சந்தேகம் வந்தால் சில பேர் வீட்டுக்கு வருவார்கள், சில பேர் போனில் கேட்பார்கள். அவர்களிடம் நான் பார்க்கும் ஒரு பழக்கத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

கார்பன்-கார்பன் பிணைப்பு நீளம் என்று கேட்டால் போதும், "எத்தேன் 154, எத்திலீன் 134, அசிட்டிலீன் 120 பிக்கோமீட்டர்" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஏன் குறைகிறது என்றால், "இனக்கலப்பு சார், எஸ்பி3, எஸ்பி2, எஸ்பி" என்பார்கள். அத்தோடு முடிந்தது.

எண்கள் சரிதான். ஆனால் காரணம் பாதிதான். இங்கே இரண்டு விஷயங்கள் சேர்ந்தே மாறுகின்றன. பிணைப்பு ஒன்று, இரண்டு, மூன்று என்று கூடுகிறது, இனக்கலப்பும் மாறுகிறது. நீளம் இவ்வளவு குறைவதில் பெரும் பங்கு முதல் காரணத்துக்கே. இனக்கலப்பு மட்டும் தனியாக என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், ஒற்றைப் பிணைப்பை ஒற்றைப் பிணைப்போடுதான் ஒப்பிட வேண்டும்.

எத்தேனின் ஒற்றைப் பிணைப்பு 154. புரோப்பீனில் உள்ள ஒற்றைப் பிணைப்பு சுமார் 150. புரோப்பைனில் சுமார் 146. மூன்றிலும் ஒரு முனையில் இருப்பது எஸ்பி3 கார்பன். மறுமுனைக் கார்பன் மட்டும் எஸ்பி3, எஸ்பி2, எஸ்பி என்று மாறுகிறது. அதில் எஸ் ஆர்பிட்டாலின் பங்கு 25, 33, 50 சதவீதம் என்று ஏறுகிறது. எஸ் ஆர்பிட்டால் அணுக்கருவை ஒட்டியே இருப்பது. அதன் பங்கு கூடக் கூடப் பிணைப்பு சுருங்குகிறது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு எத்தேனில் 109 ஆகவும் அசிட்டிலீனில் 106 ஆகவும் இருப்பதைத் தனியாக மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

"ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்தான் சார், காரணம் யோசிக்க நேரம் ஏது?" என்று பெற்றோர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அட்டவணையில் இல்லாத ஒரு மூலக்கூறு தேர்வில் வந்தால் என்ன செய்வது? மனப்பாடம் அங்கே கை கொடுக்காது. காரணம் தெரிந்தவன் அரை நிமிஷத்தில் வரிசைப்படுத்திவிடுவான்.

நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். கடலூர் சிப்காட் பகுதியில் பிவிசி தயாராகிறது. அதன் மூலப்பொருள் வினைல் குளோரைடு. அதில் கார்பன்-குளோரின் நீளம் சுமார் 173. எத்தில் குளோரைடில் சுமார் 179. ஏன் இந்த வித்தியாசம்? வினைலில் குளோரினைப் பிடித்திருப்பது எஸ்பி2 கார்பன். அதோடு குளோரினின் தனி இணை எலக்ட்ரான்கள் உடனிசைவால் இரட்டைப் பிணைப்பின் பக்கம் சற்றே சாய்கின்றன. அதனால்தான் நீர்த்த காரத்தோடு சூடாக்கினால் எத்தில் குளோரைடு குளோரினை விட்டுவிட்டு ஆல்கஹால் ஆகிறது. வினைல் குளோரைடு அவ்வளவு சுலபத்தில் விடுவதில்லை. நீளம் தெரிந்தால் குணமும் தெரிகிறது.

இன்னொன்று. புரதத்தில் உள்ள பெப்டைடு பிணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண கார்பன்-நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பு 147. பெப்டைடில் 133 அளவுதான். உடனிசைவால் பாதி இரட்டைப் பிணைப்பு போல ஆகிவிடுவதால் அது எளிதில் சுழலாது. அதைச் சுற்றியுள்ள ஆறு அணுக்களும் ஏறக்குறைய ஒரே தளத்தில் அமைகின்றன. 1951-இல் லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் புரதத்தின் சுருள் வடிவத்தைச் சொன்னது இதை வைத்துத்தான். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் அடுத்த படிக்குப் போனார்கள். பெப்டைடு சுழலாது என்றால் மீதி இருப்பது இரண்டு சுழற்சிக் கோணங்கள்தான். அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காமல் எந்தெந்தக் கோணங்கள் சாத்தியம் என்று கணக்கிட்டு ஒரு வரைபடம் போட்டார்கள். உலகம் முழுவதும் புரத அமைப்பைச் சரிபார்க்க இன்றும் அந்த ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு அடித்தளம் அந்த 14 பிக்கோமீட்டர் வித்தியாசம். ஒரு பிக்கோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு!

நம் பிள்ளைகள் எல்லோரும் ராமச்சந்திரன் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டாக்டராகட்டும், பார்மசி படிக்கட்டும். எதுவானாலும் மூலக்கூறோடுதான் அவர்களுக்கு வாழ்க்கை. இரண்டு வருஷம் எண்களை மட்டும் விழுங்கிவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை, முதல் பருவத்திலேயே "எனக்கு கெமிஸ்ட்ரி வராது" என்று முடிவு கட்டிவிடுகிறது. வராதது கெமிஸ்ட்ரி அல்ல, யாரும் சொல்லித்தராத காரணம்.

உங்களில் சிலர் இன்று பள்ளியிலும் பயிற்சி மையத்திலும் பாடம் எடுக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு ஒரே ஒரு கேள்விக்காவது விடையோடு ஒரு வரி காரணமும் எழுதச் சொல்லுங்கள். பெற்றோர்களே, மதிப்பெண் கேட்கும்போது "ஏன்டா அப்படி?" என்றும் ஒரு தடவை கேளுங்கள். உங்களுக்கு விடை தெரிய வேண்டும் என்பதில்லை.

கடைசியாக, வழக்கம் போல வீட்டுப்பாடம். பியூட்டா-1,3-டையீனின் நடுவில் உள்ள பிணைப்பு ஒற்றைதான். நீளம் மட்டும் 147. இனக்கலப்பா, உடனிசைவா, இரண்டுமா? புரோப்பீனின் 150-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். கமெண்டில் காரணத்தோடு எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது!