பாதி உடைந்தபின் விரைந்த படகு

எங்கள் குச்சனூரில் படகு கிடையாது. சுரபி நதிக்கரை உண்டு. நெல்வயலும் தென்னந்தோப்பும் உண்டு. சனிக்கிழமைதோறும் கோயிலுக்கு வந்திறங்கும் வெளியூர்க் கூட்டம் உண்டு. படகில் ஏற வேண்டுமானால் மலையேறித் தேக்கடிக்குத்தான் போக வேண்டும். இத்தகைய ஊரில், சென்ற மாதம் ஓர் இரவு, இஷாத் தொழுகைக்குப் பின் தொடங்கி நள்ளிரவு வரை, என் வீட்டுத் திண்ணையில் படகின் விசிறியைப் பற்றியே பேச்சு நடந்தது என்றால் வாசக அன்பர்கள் வியப்படையக்கூடும்.

வந்திருந்தவன் என் தமக்கையின் மகன். ஷார்ஜாவில் ஏழாண்டுகளாகக் குளிர்சாதனப் பழுதுபார்ப்பில் இருப்பவன்; விடுமுறையில் வந்தவன். அவனும் தொண்டியிலுள்ள அவன் மச்சானும் கூட்டுச் சேர்ந்து 23 அடி நீளமுள்ள ஃபைபர் விரைவுப் படகொன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார்கள். பின்புறம் 150 குதிரைத்திறன் கொண்ட அவுட்போர்டு எஞ்சின். தூண்டில் போட்டு மீன் பிடிக்கும் ஆசையோடு நகரங்களிலிருந்து வருவோரைக் கடலுக்குள் அழைத்துச் செல்வது தொழில் நோக்கம். விற்றவர் இருவரை மட்டும் ஏற்றி ஓட்டிக் காட்டியபோது படகு பறந்ததாம். எட்டுப் பேரை ஏற்றியதும், மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பகுதி நீரில் அமிழ, சேற்றில் சிக்கிய உழவுமாடுபோல் திணறியதாம். பெட்ரோலோ கணக்கின்றிக் கரைந்ததாம். பார்த்த மெக்கானிக், "எஞ்சின் போதாது, 200 குதிரைத்திறன் வாங்கிப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பணத்துக்காகத் தாயாரின் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா என்று கேட்கத்தான் மருமகன் வந்திருந்தான். என் தமக்கைக்கு உள்ள ஒரே சொத்து அந்த வீடு. அவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், வாய் திறக்கவில்லை.

நான் இளமையில் வளைகுடாவில் படகுப் பட்டறையொன்றில் ஒன்பது ஆண்டுகள் எண்ணெய்க் கையோடு நின்றவன். ஆகவே பத்திரத்தைப் பற்றிப் பேசாமல், "விசிறியின் குடத்தில் என்ன எண் பொறித்திருக்கிறது?" என்று கேட்டேன்.

"விசிறியில் எண்ணா, மாமு?" என்றான்.

தொண்டிக்குத் தொலைபேசியில் பேசினோம். சற்று நேரத்தில் படம் வந்தது: 14 × 21. முழு விசையில், எட்டுப் பேரோடு, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று காட்டுகிறது என்று கேட்டேன். 4,600 என்றார் மச்சான். எஞ்சினோடு வந்த கையேட்டில் முழு விசைக்கு என்ன வரம்பு போட்டிருக்கிறது? 5,000 முதல் 6,000 வரை. நோய் அப்போதே விளங்கிவிட்டது. குறை எஞ்சினில் இல்லை. எஞ்சினின் கழுத்தில் கட்டிய சுமையில் இருக்கிறது.

புரப்பெல்லர் எனப்படும் இவ்விசிறியின் குடத்தில் காணும் இரண்டு எண்களும் அங்குலக் கணக்கு. முதல் எண், இதழ்கள் சுழலும் வட்டத்தின் விட்டம். இரண்டாவது எண்ணைப் பட்டறையில் பிட்ச் என்பார்கள். மரையாணி ஒரு முழுச் சுற்றில் மரத்துக்குள் எவ்வளவு இறங்குகிறதோ, அதுபோல இவ்விசிறி ஒரு சுற்றில் நீரை எவ்வளவு துளைத்து முன்னேற வேண்டும் என்பதைக் குறிப்பது அது. 21 என்றால் ஒரு சுற்றுக்கு 21 அங்குலம். எண் பெரிதானால் விரைவு பெரிதாகும் என்று எண்ணுவது இயல்பு. விற்பவரும் அதைச் சொல்லியே விற்கிறார்.

எங்கள் பள்ளத்தாக்கினருக்கு இதை விளக்க வேறிடம் போக வேண்டியதில்லை. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தை மேல் கியரில் போட்டு ஏற்றிப் பாருங்கள். வண்டி அதிரும், முனகும், புகை கக்கும், ஏறாது. பிட்ச் என்பது படகின் கியர். காரில் நான்கைந்து கியர்கள் உண்டு. படகிலோ நாம் வாங்கிப் பூட்டும் விசிறி எதுவோ அந்த ஒரே கியரில்தான் காலமெல்லாம் ஓட்டியாக வேண்டும். மாற்ற வேண்டுமானால் விசிறியையே கழற்ற வேண்டும்.

மேல் கியரில் மலையேறும் வண்டிக்கு நேர்வதே இந்த எஞ்சினுக்கும் நேர்ந்தது. 4,600 சுற்றில் அதனிடம் 150 குதிரைத்திறன் இருப்பதில்லை. அந்தத் திறன் மேல் வரம்பை நெருங்கும்போதே வெளிப்படும். பாரத்தோடு நாளெல்லாம் முனகவைத்தால் பிஸ்டனும் பேரிங்கும் சூடேறி எஞ்சினின் ஆயுள் குறையும். 200 குதிரைத்திறன் எஞ்சினை வாங்கி, அதற்கும் பெரிய எண் என்று இன்னொரு பொருந்தா விசிறியைப் பூட்டியிருந்தால், பத்திரமும் போய் நோயும் நீங்காமல் இருந்திருக்கும். எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிட்ச் மிகக் குறைந்தால் எஞ்சின் 6,000-த்தைக் கடந்து வெறிகொண்டு சுற்றும்; படகு ஊரும். அதுவும் கேடுதான்.

இதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைத்தால் எஞ்சின் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று வரை கூடும். வரம்பின் நடுவாகிய 5,500-க்கு 900 சுற்று குறைகிறது. அப்படியானால் நான்கு அல்லது ஐந்து அங்குலம் இறங்க வேண்டும். ஒரே வகை விசிறிகள் பெரும்பாலும் இரண்டிரண்டு அங்குல இடைவெளியில் கிடைப்பதால், 17 அங்குலம் போட்டுப் பாருங்கள் என்றேன்.

மருமகன் கணக்கில் கெட்டிக்காரன். கைப்பேசியிலேயே பெருக்கிப் பார்த்துவிட்டு வாதுக்கு வந்தான். இவ்வெஞ்சினின் கீழ்ப்பெட்டியிலுள்ள பற்சக்கரம் சுற்றைப் பாதியாக்குகிறது. 4,600 சுற்றுக்கு விசிறி 2,300 சுற்று. 21 அங்குலப்படி மணிக்கு 73.6 கிலோமீட்டர் போக வேண்டும். 17 அங்குலத்தில் எஞ்சின் 5,400 தொட்டாலும் விசிறி 2,700 சுற்று. மணிக்கு 70 கிலோமீட்டர்தான் வருகிறது. "குறைகிறதே, மாமு!" என்றான்.

"21 அங்குலத்தில் உண்மையாக எவ்வளவு போனது?" என்று கேட்டேன். ஜி.பி.எஸ். கருவி 60 காட்டியதாம்.

விடுபட்ட அந்தப் பதின்மூன்றரைக் கிலோமீட்டர்தான் வழுக்கல். நீர் மரமன்று, பிடி நழுவும். வழுக்கலே இல்லாத விசிறி உலகில் இல்லை. ஆனால் நூற்றுக்கு 18 வழுக்கல் என்பது இத்தகைய படகுக்கு அதிகம். பத்தையொட்டி இருந்தால் நன்று.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. கப்பலைத் திருகு விசிறியால் உந்தலாம் என்று 1836-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவரான பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித், தொழிலால் விவசாயி. அவர் செய்தது மரத்தாலான நீண்ட திருகு. இரண்டு முழுச் சுற்று வளைந்தது. 1837-இல் லண்டன் பாடிங்டன் கால்வாயில் ஓட்டிப் பார்த்தபோது எதிலோ மோதித் திருகில் பாதி ஒடிந்துவிட்டது. படகு நின்றுவிடும் என்று எண்ணியவர்களுக்கு முன்னால் அது முன்னைவிட விரைவாக ஓடியது. அவர் அந்த விபத்தை ஏற்றுக்கொண்டு திருகைக் குறுக்கிவிட்டார். விவசாயி அல்லவா? விளைச்சல் சொல்வதைத்தானே கேட்பார்!

தொண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். புதியது வாங்குமுன், கரையில் வேறொரு படகுக்காரரிடம் 17 அங்குல அலுமினிய விசிறியை இரவல் பெற்றுப் பூட்டச் சொன்னேன். சோதனைக்குச் சில நிபந்தனைகளும் வைத்தேன். தினமும் ஏற்றும் எட்டுப் பேர், வழக்கமான எரிபொருள், ஐஸ் பெட்டி எல்லாம் இருக்க வேண்டும். அடிப்பகுதியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டியிருக்க வேண்டும். நீரோட்டம் ஏமாற்றாதிருக்க ஒரு முறை போய் மறுமுறை திரும்பி ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். வந்த விடை: எஞ்சின் 5,400, விரைவு 62. வழுக்கல் 11-க்கு இறங்கியிருந்தது. அரை நிமிடம் முக்கியும் எழாத படகு, பத்து வினாடிக்குள் நீரின்மேல் எழுந்து சறுக்கத் தொடங்கியதாம். இருவரை மட்டும் ஏற்றியபோது 5,800, அதுவும் வரம்புக்குள்.

இரண்டு கிலோமீட்டர்தானே கூடியது என்று மச்சானுக்குச் சற்று மனக்குறை. இருபது கூடும் என்று எதிர்பார்த்திருந்தார் போலும்.

விரைவின்மேல் காதல் கொண்ட இளைஞர்களுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். விசிறியை வெறுமனே வேகமாகச் சுற்றினால் தண்ணீர் ஒத்துழைக்காது. இதழின் முதுகுப்புறம் அழுத்தம் மிகவும் தாழும்போது, குளிர்ந்த நீரே அவ்விடத்தில் கொதித்து ஆவிக்குமிழாகிறது. இதற்குக் கேவிட்டேஷன் என்று பெயர். குமிழ்கள் வெடித்து அடங்கும் அடியில் உலோகமே அம்மைத் தழும்புபோல் அரித்துப்போகும். ஆவிச்சுழலியைக் கண்ட சார்லஸ் பார்சன்ஸ் 1894-இல் டர்பினியா என்ற படகை மிதக்கவிட்டபோது, ஒரே விசிறியால் எதிர்பார்த்த விரைவை எட்ட இயலாமல் போனதற்குக் காரணம் இதுதான். அவர் நீர்த்தொட்டியில் விசிறியைச் சுழற்றிக் குமிழ்களைக் கண்ணால் பார்த்து ஆராய்ந்தார். பிறகு மூன்று தண்டுகளில் மூன்று மூன்றாக ஒன்பது விசிறிகளைப் பூட்டினார். 1897-இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில் அப்படகு 34 நாட் வேகத்தில் பாய்ந்ததைக் கண்டவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

2018 நவம்பரில் விஜயவாடா அருகே கிருஷ்ணா நதியில் பார்முலா ஒன் படகுப் பந்தயம் நடைபெற்றது. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் அப்படகுகளின் விசிறி, பாதி நீருக்கு வெளியே நின்றே சுழலும்படி செய்யப்பட்டது. நீரும் காற்றுமாக வெட்டி ஓடும் அவ்விசிறி நம் கடற்கரைப் படகுக்கு உதவாது. படத்தில் பார்த்துவிட்டு அதைத் தேடி அலைய வேண்டாம்.

எவர்சில்வர் விசிறியா, அலுமினியமா என்ற கேள்வியும் எழுந்தது. எவர்சில்வரில் இதழ் மெல்லியதாகவும் வளையாததாகவும் இருப்பதால் பிடி நன்றாக இருக்கும்; விரைவும் சற்றுக் கூடும். விலை பல மடங்கு. தொண்டிப் பக்கம் பாக் நீரிணை ஆழமற்றது. மணல்திட்டும் கடற்புல்லும் அறுந்த வலைக்கயிறும் மிகுதி. அங்கே அலுமினியம் தரைதட்டினால் இதழ் வளைந்து தான் கெட்டு, உள்ளிருக்கும் பற்சக்கரத்தைப் பெரும்பாலும் காக்கிறது. குடத்துக்குள் ரப்பர் உறை அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் என்றாலும், எவர்சில்வரின் உறுதி சில வேளை உள்பாகத்தின்மேல் பாயும். எனவே தொழிலுக்கு அலுமினியமே போதும் என்பது என் கருத்து. பாரம் மிகுதியாக ஏற்றுவோர் மூன்று இதழுக்குப் பதில் நான்கு இதழ் விசிறியைக் கருதலாம். உச்ச விரைவு சற்றுக் குறையும், எழுச்சியும் வளைவில் பிடியும் கூடும்.

எட்டுப் பேருக்கு மேல் ஏற்றாதே என்று கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறேன். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டதை எங்கள் பக்கத்தார் மறந்துவிடவில்லை. விரைவுப் படகில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓட்டுபவர் தவறி விழுந்தால் ஆளில்லாப் படகு வட்டமடித்துத் திரும்பி வரும். நீரில் கிடப்பவர்மீது ஏறுவது சுழலும் அந்த விசிறிதான். ஓட்டுபவரின் இடுப்பிலோ காலிலோ மாட்டும் சிவப்புச் சுருள்கயிறு எஞ்சினை அக்கணமே நிறுத்தும். மச்சான் அதைச் சாவிக்கொத்தோடு ஆணியில் தொங்கவிட்டிருந்தாராம். அதற்காக மட்டும் அவரைத் தொலைபேசியில் கடிந்துகொண்டேன்.

பத்திரம் பெட்டிக்குள் திரும்பிவிட்டது. 17 அங்குல விசிறி ஒன்று புதிதாக வாங்கியாயிற்று. பழைய 21 அங்குலத்தை விற்கலாமா என்று மருமகன் கேட்டான். படகில் மாற்று விசிறியாக வைத்துக்கொள். இடையில் இதழ் ஒடிந்தால் மெதுவாகக் கரை சேர அது உதவும் என்றேன். அதுவரை பேசாதிருந்த என் தமக்கை அப்போதுதான் வாய் திறந்தார்: "நடுக்கடலில் இறங்கி அதை மாட்டப் போவது யார்? நீயா, உன் மச்சானா?"

இறங்க வேண்டியதில்லை, எஞ்சினைச் சாய்த்து மேலே தூக்கிப் படகின் பின்விளிம்பில் குனிந்தே மாற்றலாம் என்று விளக்கினேன். நட்டும் அதைப் பூட்டும் பிளவு ஊசியும் மட்டும் எப்போதும் இரண்டு செட் கூடுதலாகப் பெட்டியில் இருக்க வேண்டும். அலையாடும் படகில் குனிந்து மாற்றும்போது அவை விரலிலிருந்து நழுவும். நானே மூன்று நட்டுகளைக் கடலுக்குக் கொடுத்திருக்கிறேன்.