உழைப்பு வேறு, நடை வேறு

"பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் உழைக்கிறேன், இதற்கு மேல் நடைப்பயிற்சி எதற்கு?" திருப்பூரில் சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேட்பதில் நியாயம் உண்டு. ஆயினும் அயர்ச்சியும் உடற்பயிற்சியும் ஒன்றல்ல என்பதே எங்கள் கருத்து.

இன்சுலின், கணையம் சுரக்கும் ஹார்மோன். இரத்தத்திலுள்ள சர்க்கரை உயிரணுக்களுக்குள் புக வழி திறப்பது அதன் பணி. பலருக்குத் தொடக்கத்தில் இன்சுலின் குறைவதில்லை. உயிரணுக்கள்தாம் அதன் ஏவலுக்குச் சரிவர இசைவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகட்டுகிறது. அது தளரும்போது சர்க்கரை ஏறுகிறது. உணவுக்குப்பின் சர்க்கரையைப் பெருமளவில் ஏற்பவை தசைகள். அவை இயங்கும்போது இன்சுலினின் துணை குறைவாக இருந்தாலும் சர்க்கரையை உள்வாங்குகின்றன; அதன் பயன் மறுநாள்வரை நீடிக்கக்கூடும். தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்குக் கைகளும் பாதங்களும் ஓய்வதில்லை. பெரிய தொடைத் தசைகளோ ஓய்ந்தே இருக்கின்றன. செக்கிங் மேசையருகே ஒரே இடத்தில் நிற்பவரின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

நடையின் பயனை நம் மாநிலத்து ஆய்வே காட்டியுள்ளது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து, 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் பங்கேற்றனர். நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டோருக்கு, மூன்றாண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறத்தாழ அதே பயனைத் தந்தது. உடல் எடை பெரிதும் குறையாமலே இது நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. நோய் வந்துவிட்டவருக்கும் தசைகள் இயங்கும் முறை இதுவே. எடை இறங்கவில்லையே என்று நடையைக் கைவிட வேண்டியதில்லை.

ஆனால் இரவு எட்டரை மணிக்கு வேலை முடிப்பவரிடம் 'நடங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்புவது முறையாகாது. மதிய உணவுக்குப்பின் பத்து நிமிடம் நடக்க நிறுவனங்கள் நேரமும் இடமும் தரவேண்டும்; தேநீர் இடைவேளையில் சர்க்கரையில்லாத தேநீரும் சுண்டலும் கிடைக்கச் செய்யவேண்டும். தொழிலாளியின் உடல்நலம் அவருடைய மனவுறுதியை மட்டும் சார்ந்ததன்று. ஷிப்ட் நேரத்தையும் சார்ந்தது.

குடும்பத்தார் இரவுச் சோற்றின் அளவைக் குறைத்து, காய்கறியும் பயறும் கூட்டிப் பரிமாறலாம். உண்டபின் உடன் நடக்கலாம். மாத்திரையையோ இன்சுலின் ஊசியையோ நீங்களாக நிறுத்தவேண்டாம். நடக்கும்போது நடுக்கமோ, வியர்வையோ, படபடப்போ திடீரெனத் தோன்றினால் உடனே சிறிது சர்க்கரை உட்கொண்டு, எங்களிடம் தெரிவியுங்கள். மருந்தின் அளவை மாற்றுவது எங்கள் பொறுப்பு.