வாட் குறைந்தால் நாணயம் கூடுமா?

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. புழங்கும் காசு ஒன்று. கொடுத்த வாக்கைக் காக்கும் நேர்மை மற்றொன்று. கிரிப்டோ பற்றிய கல்விப்புல விவாதங்களில் அண்மைக்காலமாக மூன்றாவது பொருளொன்றும் சேர்ந்துவிட்டது: மின்கட்டணக் குறைவு. உள்ளங்கையளவுக் கணினி ஒன்றில், குண்டு பல்பு குடிக்கும் மின்சாரத்திலும் குறைவாகச் செலவிட்டு ஸ்டேக்கிங் சேவை நடத்தலாம். ஆகவே அது பசுமையானது. பசுமையானதாகையால் எளியோர்க்கு உகந்தது. வங்கியின் வாசலில் தயங்கி நிற்கும் தாராவியின் சிறுசேமிப்புக்கு அதுவே வழி. வாதம் மூன்று தாவல்களில் முடிந்துவிடுகிறது. முதற்கூற்று உண்மை. மற்ற இரண்டும் அதன் வயிற்றில் பிறந்தவை அல்ல.

உண்மையை முதலில் முழுமையாக ஒப்புக்கொள்வதே முறை. பிட்காயின் வலையமைப்பில் கணக்குப் பேரேட்டைக் காப்பது மின்சாரத்தை எரிக்கும் போட்டி. எதீரியம் அந்தப் போட்டியை 2022 செப்டம்பர் 15 அன்று கைவிட்டு, பணத்தைப் பிணையாக வைப்போரே பரிமாற்றங்களைச் சரிபார்க்கும் முறைக்கு மாறியது. அதன் மின்நுகர்வு ஏறத்தாழ 99.95 விழுக்காடு வீழ்ந்தது. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினி, சேமிப்பகம், இணையப் பெட்டி மூன்றும் சேர்ந்து 20 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், இரவுபகல் ஓடினாலும் மாதத்துக்கு 14, 15 யூனிட்தான். பழைய கூரை மின்விசிறி ஒன்றுக்கு 75 வாட் வேண்டும். தாராவியின் மாடியறை ஒன்றில் பெஸ்ட் நிறுவனத்தின் மின்சாரத்தில் அத்தகைய கணினியை ஓட்ட எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. இந்தச் சிக்கனத்தை எள்ளி நகையாடவும் கூடாது. மும்பையின் மின்சாரத்தில் ஒரு பங்கு ட்ராம்பே அனல்மின் நிலையத்தில் பிறக்கிறது. செம்பூரிலும் மாகுலிலும் வாழ்வோர்க்கு யூனிட் என்பதன் பொருளைப் புகைபோக்கியே தினமும் விளக்கிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்தச் சிக்கனம் யாருடையது? அது நெறிமுறையின் குணம். 2022 செப்டம்பரில் எதீரியம் மாறியபோது பெரிய தரவு மையத்தில் ஓடிய கணினிக்கும் வீட்டு மேசையில் ஓடிய கணினிக்கும் ஒரே நாளில் அந்தக் குணம் வந்து சேர்ந்தது. அதற்கு மேல் சிறு கணினி சேமித்துத் தருவது சில பத்து வாட்டுகளே. மழையைத் தன் குடையின் சாதனையாகச் சொல்லிக்கொள்ளும் வணிகரைப் போல, வலையமைப்பின் சிறப்பைத் தன் சேவையின் நேர்மைக்குச் சான்றாக நிறுத்துவோரிடம் கேட்கவேண்டிய கேள்வி வேறு.

கணினி சிறியது, பிணை சிறியதன்று. எதீரியத்தில் ஒரு சரிபார்ப்பாளராக நிற்க 32 ஈதர் வேண்டும். ஓர் ஈதரின் விலை ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 32 லட்சம் ரூபாய். கணினியின் விலை அதில் நூற்றில் ஒரு பங்கைச் சுற்றியே நிற்கும். ஆக, எளியவர் நுழைய முடியாமல் தடுத்த கதவு எந்நாளும் கணினியின் விலையாகவோ மின்கட்டணமாகவோ இருந்ததில்லை. 32 ஈதர் உடையவர், மாட்டுங்காவின் ஓய்வுபெற்ற பொறியாளர் என்றே கொள்ளலாம், தன் சாவியைத் தன் கையில் வைத்துத் தன் வீட்டில் தன் கணினியை ஓட்டினால் அவரோடு எவருக்கும் வழக்கில்லை. வலையமைப்புக்கும் அவர் நல்லதே செய்கிறார். 32 ஈதர் இல்லாத நூறு பேரின் பணத்தைத் திரட்டி ஒருவர் ‘சேவை’ நடத்த முன்வரும்போதுதான் வழக்குத் தொடங்குகிறது.

இங்கே சொல் முக்கியமாகிறது. ஸ்டேக்கிங் என்பதைத் தமிழில் விளம்பரப்படுத்துவோர் ‘வைப்பு’, ‘வட்டி’ என்று பெயர்க்கிறார்கள். ‘செயலற்ற வருமானம்’ என்ற தொடரும் புழங்குகிறது. செயலற்றது என்றால் தமிழில் இயங்காமல் கிடப்பது என்று பொருள், ஆகவே பிழையாகப் பெயர்த்தும் உண்மைக்கு அருகில் போய்விட்டார்கள். ‘பங்குச் சான்று’ என்ற கலைச்சொல்லோ நிறுவனப் பங்கையும் ஈவுத்தொகையையும் நினைவூட்டுகிறது. நேரான சொல் நெடுங்காலமாகக் கைவசம் இருக்கிறது: பணயம். தவறினால் இழக்கப்படும் என்ற நிபந்தனையோடு முன்வைக்கப்படும் பொருள் அது. தருமன் சூதாட்டத்தில் வைத்ததை வைப்புத்தொகை என்று எவரும் சொன்னதில்லை. பிறரைப் பணயம் வைக்க ஒருவனுக்கு உரிமை உண்டா என்று பாஞ்சாலி அவையில் எழுப்பிய வினாவே ஸ்டேக்கிங் சேவையின் மையவினாவும் ஆகும். வட்டி என்று பெயரிட்டவுடன் அந்த வினா மறைந்துபோகிறது.

இழப்பு எவ்வாறு நேர்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். எதீரியத்தில் 12 நொடிக்கு ஓர் இடம். 32 இடங்கள் ஒரு சுற்று. ஒவ்வொரு சரிபார்ப்பாளரும் 6 நிமிடம் 24 நொடிக்கு ஒருமுறை, அதாவது நாளுக்கு 225 முறை, தன் வாக்கைக் கையொப்பமிட்டு அனுப்பவேண்டும். மழைக்காலத்தில் மின்சாரமோ இணையமோ சில மணிநேரம் நின்றுபோனால் சேதம் சிறிது. அந்நேரத்து ஊதியம் போகும், அதையொத்த அபராதம் விழும், அவ்வளவே. பேராபத்து அந்தச் சிறு சேதத்தைத் தவிர்க்க முயலும்போது வருகிறது. ஒரு கணினி நின்றால் இன்னொன்று ஓடட்டும் என்று அதே சாவியை இரண்டாவது கணினியிலும் ஏற்றி வைக்கிறார் நடத்துநர். மின்சாரம் திரும்பியதும் இரண்டும் விழித்துக்கொள்கின்றன. ஒரே இடத்துக்கு இரண்டு முரண்பட்ட கையொப்பங்கள் போகின்றன. அதை வலையமைப்பு மோசடியாகவே கொள்ளும். பிணையில் ஒரு பகுதி வெட்டப்படும், சரிபார்ப்பாளர் வெளியேற்றப்படுவார். நடத்துநரின் அக்கறை மிகுதியால் நேர்ந்த இந்த வெட்டு யார் கணக்கில் எழுதப்படும்? மலிவுக் கணினியின் பெருமை பேசும் துண்டறிக்கைகளில் அதற்கு ஒரு வரி ஒதுக்கப்படுவது அரிது.

இதனினும் அடிப்படையான ஒன்று உண்டு. சரிபார்ப்பாளருக்கு இரண்டு சாவிகள். ஒன்று அன்றாடக் கையொப்பத்துக்கு. மற்றொன்று பிணையைத் திரும்பப் பெறுவதற்கு. முதற்சாவி நடத்துநரிடம் இருப்பது இயல்பு. இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறதோ அவரே பணத்தின் உடைமையாளர்; பிறர் அவர்பால் நம்பிக்கை வைத்தவர்கள் மட்டுமே. நூறு பேரின் சிறுதொகைகளை ஒன்றாக்கும் எளிய ஏற்பாட்டில் அந்தச் சாவி நூறாக உடையாது, நடத்துநரிடமே தங்கும். நிரல்வழி ஒப்பந்தத்தால் இதைப் பகிரும் பெருந்திட்டங்கள் உண்டு என்பது மெய்தான். ஆனால் அவற்றில் ஒன்றான லிடோ ஒரு கட்டத்தில் பிணைவைக்கப்பட்ட ஈதரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தன்வழியே ஈர்த்துக்கொண்டது. பரவலாக்கம் பேசித் தொடங்கியது எங்கே வந்து நின்றது என்பது தனி ஆய்வுக்குரியது.

சாவி கைமாறினால் என்னவாகும் என்பதற்கு மும்பை தொலைதூரச் சான்று தேடவேண்டியதில்லை. இந்நகரில் வளர்ந்த வசீர்எக்ஸ் பரிமாற்றகத்திலிருந்து 2024 ஜூலை 18 அன்று ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள சொத்துகள் களவாடப்பட்டன. பல கையொப்பங்கள் தேவைப்படும் பணப்பையையே கயவர்கள் வசப்படுத்தியிருந்தார்கள். பணம் எடுப்பது நிறுத்தப்பட்டது. பயனர்கள் ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். மறுசீரமைப்பு வழக்கோ சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தில் நடந்தது. மும்பையில் ரூபாயைக் கட்டியவர் தன் உரிமைக்காகச் சிங்கப்பூர்ச் சட்டத்தின் கூறுகளைப் படிக்கவேண்டியதாயிற்று. அந்த நிகழ்வில் மின்சாரத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. களவுபோனது கையொப்பம்.

அடுத்தது ஊதியம். எதீரியத்தில் பிணைக்குக் கிடைப்பது அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 3 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது, அதுவும் ஈதரில். வங்கி நிரந்தர வைப்பே 6 விழுக்காட்டுக்கு மேல் தந்துகொண்டிருந்த ஆண்டுகள் இவை. இதில் நடத்துநரின் கழிவு போகவேண்டும். 2022 ஏப்ரல் முதல் மெய்நிகர் இலக்கச் சொத்துகளை விற்றுப் பெறும் இலாபத்துக்கு 30 விழுக்காடு வரி, அதே ஆண்டு ஜூலை முதல் ஒவ்வொரு விற்பனைக்கும் 1 விழுக்காடு முன்பிடித்தம். இவற்றுக்கெல்லாம் பின்பும் ஒருவர் மாதம் 2 விழுக்காடு தருவதாகச் சொன்னால், அந்தப் பணம் ஸ்டேக்கிங்கிலிருந்து வரவில்லை என்பதைக் காட்டக் கூட்டல் கழித்தல் போதும். மகாராஷ்டிரத்தில் வேர்விட்ட கெயின்பிட்காயின் திட்டம் மாதம் 10 விழுக்காடு வீதம் 18 மாதம் தருவதாக வாக்களித்தது. அங்கே காட்டப்பட்ட சான்று பேரியந்திரங்கள்: எங்கோ சுரங்கக் கணினிகள் உழைக்கின்றன என்பது. இங்கே காட்டப்படுவது சிற்றியந்திரம்: அது மிகக் குறைவாக உண்கிறது என்பது. இரண்டிலும் இயந்திரத்தைக் காட்டிக் கணக்கேட்டை மறைக்கலாம். மாட்டுங்காவுக்கு அடுத்த தாதரில் டோரஸ் நகைக்கடை 2025 ஜனவரியில் மூடிக்கொண்டபோது வாசலில் திரண்டவர்களில் அன்றாடக் கூலிக்காரரும் சிறுவணிகரும் இருந்தார்கள். அங்கே காட்டுவதற்குக் கற்கள் இருந்தன.

வங்கிக்கு வெளியே தாராவியில் சேமிப்பே இல்லை என்பது போலப் பேசுவதும் அறியாமை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்கள் சீட்டையும் கூடவே கொண்டுவந்தார்கள். சீட்டைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. சீட்டுப் பிடித்தவர் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போன கதை இல்லாத தமிழ்த் தெருவே கிடையாது. ஆயினும் அந்தக் கதைகளிலிருந்து சட்டம் கற்றுக்கொண்டது. 1982ஆம் ஆண்டுச் சிட் நிதிச் சட்டத்தின்படி, பதிவுபெற்ற சீட்டைத் தொடங்குமுன் அதன் தொகைக்கு இணையான பிணையை நடத்துநர் பதிவாளர் பெயரில் கட்டியாகவேண்டும். அங்கே பணயம் வைப்பவர் நடத்துநர். ஸ்டேக்கிங் சேவையில் பணயம் வைப்பவர் வாடிக்கையாளர். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் நடத்துநரின் கழிவை 5 விழுக்காட்டிலிருந்து 7 ஆக உயர்த்தியது எல்லோருக்கும் தெரியும். மொழியியலார் கவனிக்கவேண்டியது அதே திருத்தத்தின் இன்னொரு கூறு: ‘ஈவுத்தொகை’ என்ற சொல்லை நீக்கி ‘தள்ளுபடியில் பங்கு’ என்று மாற்றியது. சீட்டில் கிடைப்பது இலாபமன்று, ஏலத்தில் ஒருவர் விட்டுக்கொடுத்த தொகையின் பங்கு என்பதை நாடாளுமன்றமே சொல்லை மாற்றித் தெளிவுபடுத்தியது. பழைய சீட்டுக்குக் கிடைத்த இந்தச் சொல்திருத்தம் புதிய பணயத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.

2017இல் மும்பையில் தொடங்கிப் பின்னர் பாலிகான் என்று பெயர்மாற்றம் பெற்ற மேட்டிக், இந்தியாவில் பிறந்த பணயமுறை வலையமைப்புகளில் உலகறிந்தது. அதன் சோதனைத்தளத்துக்கு வைத்திருந்த பெயர் ‘மும்பை’. அங்கே புழங்கிய காசுக்கு மதிப்பே கிடையாது. நிரலர்கள் பயமின்றிப் பிழைசெய்து பழகுவதற்கான இடம் அது. 2024 ஏப்ரலில் அதை மூடிவிட்டு அமோய் என்ற வேறொரு துறைமுக நகரின் பெயரிலான தளத்துக்குச் சென்றார்கள். தாராவியைச் ‘சோதனைக்களம்’ என்று தலைப்பிட்டு ஆய்வு முன்மொழிவு எழுதுவோர்க்கு அந்த மும்பை இப்போது இல்லை. எஞ்சியிருக்கும் மும்பையில் ஒருவர் கட்டும் ஐந்நூறு ரூபாய் ஐந்நூறு ரூபாய்தான். அதைத் தொட விரும்பும் முன்மொழிவு முதற்பக்கத்தில் வாட் கணக்கை எழுதட்டும். திரும்பப் பெறும் சாவி யாரிடம், வெட்டு விழுந்தால் யார் கட்டுவது, வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் என்பவற்றையும் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் எழுதட்டும்.